6. ஸ்லக் துப்பாக்கியா, மஸில்லோடரா?

ஒஹாயோவின் மேற்குப் பகுதியிலிருந்து இந்தியானா, இல்லினாய் வழியாக அயோவா வரை காரில் போனவர்களுக்குத் தெரியும்: மேடு பள்ளமே இல்லாத சோள வயல்களும் சோயா வயல்களும்தான். நவம்பரில் அறுவடை முடிந்துவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் தரை. நடுநடுவே பண்ணை வீடுகள், பள்ளிப் பேருந்து ஓடும் சாலைகள். இப்படிப்பட்ட இடத்தில் குறி தவறிய ரைஃபிள் தோட்டாவைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. அதனால் மான் வேட்டைக்கு ரைஃபிளே கூடாது, ஷாட்கனில் ஒற்றைக் குண்டைப் போட்டுச் சுடு, இல்லையென்றால் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை எடு என்று இந்த மாநிலங்கள் நெடுங்காலம் சட்டம் வைத்திருந்தன. முதலாவது ஸ்லக் துப்பாக்கி, இரண்டாவது மஸில்லோடர்.

அந்தச் சட்டம் இப்போது தளர்ந்து வருகிறது. பக்கச் சுவர் நேராக இருக்கும் தோட்டா போடும் சில ரைஃபிள்களை ஒஹாயோ 2014இலும் அயோவா 2017இலும் அனுமதித்தன. இல்லினாய் 2023இல், அதுவும் ஒற்றைத் தோட்டா ரைஃபிளை மட்டும் அனுமதித்தது. அப்படியானால் இந்த அத்தியாயம் எதற்கு என்று கேட்கலாம். நியூஜெர்சி, மாசச்சூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் மானுக்கு ரைஃபிள் இன்றும் கிடையாது. ரைஃபிள் அனுமதிக்கும் மாநிலங்களிலும் மஸில்லோடருக்கென்று தனிப் பருவம் உண்டு. அதோடு, முதன்முதலில் வேட்டைக்குப் போகிறவருடைய வீட்டிலோ நண்பருடைய வீட்டிலோ பெரும்பாலும் ஏற்கனவே ஒரு ஷாட்கன் இருக்கிறது.

தட்டை நிலத்தில் ஷாட்கன்தான் பத்திரமானது என்ற நம்பிக்கையைப் பென்சில்வேனியா சட்டமன்றம் ஒருமுறை ஆராயச் சொன்னது. 2007இல் வெளிவந்த அறிக்கையில் எதிர்பாராத ஒரு முடிவு இருந்தது. துப்பாக்கியைக் கிடைமட்டமாகப் பிடித்துச் சுடும்போது, தரையில் பட்டுத் தெறித்துப் போகும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஷாட்கன் குண்டு ரைஃபிள் தோட்டாவைவிட அதிக ஆபத்தாகக்கூட இருக்கலாம். மூன்றிலும் ஆபத்து குறைந்தது மஸில்லோடர் என்றது அந்த அறிக்கை. எதை வாங்கினாலும், மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விசையைத் தொடக்கூடாது. மரப் பரண்மேல் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுடுவதில் உள்ள பெரிய வசதி இதுதான்: குண்டு மண்ணுக்குள் போய்விடும்.

ஷாட்கனும் ஒற்றைக் குண்டும்

12 கேஜ் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதிலிருந்து வரும் வழக்கமான ஒரு அவுன்ஸ் குண்டு 437 கிரெயினுக்குச் சற்று மேல், அதாவது 28 கிராம். நொடிக்கு 1,600 அடி வேகத்தில் கிளம்பினால் குழல் வாயில் அதன் ஆற்றல் ஏறக்குறைய 2,500 அடி-பவுண்டு. வெள்ளைவால் மானுக்கு இது தேவைக்கு மேலேயே. ஆனால் அந்தக் குண்டு தடித்துக் குட்டையாக இருப்பதால் காற்று அதைச் சீக்கிரம் இழுத்துப் பிடிக்கிறது. நூறு கஜம் போவதற்குள் பாதிக்கு மேல் ஆற்றல் போய்விடும்.

குண்டில் இரண்டு குடும்பங்கள் உண்டு. முதலாவது, 1898இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் பிரென்னெக்கெ செய்ததும், 1931இல் அமெரிக்கர் கார்ல் ஃபாஸ்டர் செய்ததுமான பழைய வகை. ஃபாஸ்டர் குண்டின் பின்பக்கம் உட்குழிவாக இருக்கும், எடையெல்லாம் மூக்கில். இறகுப்பந்து எப்படித் தலையை முன்னே வைத்துப் பறக்கிறதோ அப்படியே இதுவும் சுழலாமல் நேராகப் போகும். இது வரியில்லாத வழவழப்பான குழலுக்கு உரியது. இரண்டாவது சாபோ குண்டு. பிளாஸ்டிக் உறைக்குள் சிறிய தோட்டா இருக்கும். குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகளை உறை பற்றிக்கொண்டு தோட்டாவைச் சுழற்றும். வெளியே வந்ததும் உறை கழன்று விழுந்துவிடும். இது வரிக் குழலுக்கு உரியது.

கடையில் பலர் இடறும் இடம் இங்கேதான். ஃபாஸ்டர் குண்டுப் பெட்டியில் ‘ரைஃபிள்டு ஸ்லக்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வரிக் குழலுக்கு வாங்கிப் போனால் இரண்டு டஜன் சுடுவதற்குள் வரிகளில் ஈயம் அப்பிக் குறி கலைந்துவிடும். மாறாக, விலை உயர்ந்த சாபோவை வழவழப்பான குழலில் போட்டால் 50 கஜத்தில் தட்டில் படுவதே அதிர்ஷ்டம். குண்டின் பக்கவாட்டில் உள்ள வரிகள் அதைச் சுழற்றப் போட்டவை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குழல் வாய் சற்றே குறுகியிருந்தாலும் குண்டு நசுங்கி வெளியேற இடம் கொடுப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. அப்படியிருந்தும் வாயை மிகவும் குறுக்கும் ‘ஃபுல் சோக்’ வைத்துச் சுடாதீர்கள். ‘இம்ப்ரூவ்டு சிலிண்டர்’ அல்லது அதைவிடத் திறந்த சோக் போதும்.

முன்னால் ஒரு மணிக்குறி மட்டும் உள்ள சாதாரண வாத்துத் துப்பாக்கியில் ஃபாஸ்டர் குண்டு போட்டால் 50 கஜம் வரை நம்பலாம். பின்குறியும் சேர்ந்திருந்தால் 75 கஜம். வரிக் குழல், ஸ்கோப், அந்தக் குழலுக்குப் பிடித்த சாபோ மூன்றும் அமைந்தால் 125, 150 கஜம் வரை எட்டும். ‘பிடித்த சாபோ’ என்று சொன்னது வேடிக்கைக்கு இல்லை. ஒரே மாதிரியான இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று ஒரு நிறுவனத்தின் குண்டை மூன்று அங்குலத்துக்குள் போடும், மற்றது அதே குண்டை ஒன்பது அங்குலத்துக்குச் சிதறடிக்கும். நாலைந்து வகை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. சாபோ பெரும்பாலும் ஐந்து ஐந்தாகத்தான் பெட்டியில் வரும், ஒவ்வொன்றும் சில டாலர். துப்பாக்கியில் மிச்சம் பிடித்த பணம் இந்தச் சோதனையில் கரைந்துவிடும்.

ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 போன்ற பம்ப் துப்பாக்கிகள் வீட்டில் இருந்தால் ஒரு வசதி உண்டு. வாத்துக் குழலைக் கழற்றிவிட்டு வரிக் குழலை மாட்டிக்கொள்ளலாம். கழற்றி மாட்டும் குழல் என்பதால் உடலோடு சேரும் இடத்தில் நூலிழை ஆட்டம் இருக்கும். ஸ்கோப்பை உடலில் பொருத்தாமல் குழலோடு சேர்ந்த நீட்டுத் தகட்டில் பொருத்தினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். ஸ்லக்குக்கென்றே செய்த துப்பாக்கிதான் வேண்டுமென்றால் சாவேஜ் 220 என்ற 20 கேஜ் போல்ட் துப்பாக்கியைப் பாருங்கள். குழல் உடலோடு இறுகியது, உதையும் குறைவு. 12 கேஜ்தான் ஆண்பிள்ளைத் துப்பாக்கி என்று பேசுகிறவர்கள் ஒருநாள் அதைச் சுட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

உதை என்று சொன்னேன். ஏழு பவுண்டு எடையுள்ள 12 கேஜில் முழு வேக ஸ்லக் சுட்டால் தோளில் இறங்கும் ஆற்றல் 30 அடி-பவுண்டைத் தாண்டும். மஸில்லோடரில் 100 கிரெயின் மருந்தும் 250 கிரெயின் தோட்டாவும் போட்டால் அது 20ஐ ஒட்டி இருக்கும். தோள் வலித்தால் மருந்து தடவிக்கொள்ளலாம். ஆனால் உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுகிற பழக்கம் வந்துவிட்டால், அதைப் போக்க ஒரு கோடை முழுவதும் சிறு துப்பாக்கியோடு உட்கார வேண்டியிருக்கும். ஸ்கோப் வாங்கும்போது கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு அங்குல இடைவெளி தரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்லக் வேட்டைக்காரர்கள் சிலருடைய புருவத்தில் பிறை வடிவத் தழும்பு ஒன்று இருக்கும். அது ஸ்கோப் வளையம் போட்டது.

மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி

மஸில்லோடர் என்றதும் நம் ஊர்ச் செய்தித்தாளில் வனத்துறை பறிமுதல் செய்ததாக வரும் நாட்டுத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். வேலை செய்யும் விதத்தில் இரண்டும் ஒன்றே: வாய் வழியாக மருந்து, அதன்மேல் குண்டு, கோலால் இறுக்குவது. வித்தியாசமெல்லாம் கட்டுமானத்தில். 1985இல் டோனி நைட் எம்.கே-85 என்ற துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தீப்பொறி பக்கவாட்டில் வளைந்து நுழையாமல் மருந்துக்கு நேர் பின்னாலிருந்து பாயும் ‘இன்லைன்’ அமைப்பு அதோடுதான் பரவியது. இன்று கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். குழல் .50 காலிபர், 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரி. தீ மூட்டுவது 209 பிரைமர். ஷாட்கன் தோட்டாவின் அடியில் இருக்குமே, அதே பிரைமர்.

தோட்டா .45 காலிபர், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். 250 கிரெயின் தோட்டா நொடிக்கு 1,900 அடியில் கிளம்பினால் 2,000 அடி-பவுண்டு. ஸ்லக்கைவிடக் குறைவுதான். ஆனால் மெலிந்து நீண்ட தோட்டா என்பதால் வேகத்தை அவ்வளவு சீக்கிரம் இழக்காது. 100 கஜத்துக்குக் குறி வைத்த இன்லைனுக்கு 150 கஜம் சிரமமில்லை. நல்ல சாபோ ஸ்லக்கும் இதே தூரத்தைத்தான் எட்டும். எனவே பலத்தையும் தூரத்தையும் வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் தவறான கேள்வியைக் கேட்கிறார்கள். மான் அந்த வித்தியாசத்தை உணரப்போவதில்லை. தேர்வை முடிவு செய்ய வேண்டியவை வேறு: இரண்டாவது குண்டு, ஈரம், துடைக்கும் பொறுமை.

பம்ப் ஷாட்கனில் இரண்டாவது குண்டு ஒரு நொடியில் தயார். ஒஹாயோவில் மொத்தம் மூன்று குண்டுக்கு மேல் போடக்கூடாது, அதுவே தாராளம். மஸில்லோடரை மறுபடி நிரப்பக் கை பழகியவருக்கும் அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். விரல் மரத்துப்போகும் குளிரில் இரண்டு நிமிடம். கூட்டமாகச் சேர்ந்து புதரைக் கலைத்து, ஓடிவரும் மானை மறிக்கும் வேட்டைக்கு மஸில்லோடர் லாயக்கில்லை. பரணில் தனியாக உட்கார்ந்து, நின்று மேயும் மானுக்காகக் காத்திருப்பவருக்கு இரண்டாவது குண்டு தேவைப்படுவதே அபூர்வம். சொல்லப்போனால், இன்னும் இரண்டு இருக்கிறது என்ற நினைப்பே முதல் குண்டைக் கெடுக்கிறது. ஸ்லக் பருவத்தின் முதல் காலையில் காட்டோரம் நின்று கேட்டால் பட்-பட்-பட் என்று மூன்று சத்தம் அடுத்தடுத்து வரும். மூன்றாவது சத்தம் கேட்டால் மான் தப்பிவிட்டது என்று பெரும்பாலும் எழுதிக்கொள்ளலாம்.

மஸில்லோடர் சுட்டதும் முன்னால் வெண்புகை திரை போடும். மான் எந்தப் பக்கம் போனது என்று தெரியாது. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், சருகுச் சத்தம் திசை சொல்லும். சுடும் முன்பே மான் நின்ற இடத்துக்கு அருகில் ஒரு மரத்தையோ வேலிக் கம்பத்தையோ அடையாளம் பிடித்து வையுங்கள். புகை கலைந்ததும் முதலில் துப்பாக்கியை நிரப்புங்கள், அரை மணி நேரம் பொறுத்து இறங்கி இரத்தத் தடத்தைத் தேடுங்கள்.

மருந்து, ஈரம், துடைப்பு

பழைய கருமருந்தின் இடத்தில் இப்போது பைரோடெக்ஸ், ட்ரிப்பிள் செவன், பிளாக்ஹார்ன் 209 என்ற மாற்று மருந்துகள் வந்துவிட்டன. முதல் இரண்டும் தூளாகவும் 50 கிரெயின் வில்லையாகவும் கிடைக்கும். இரண்டு வில்லை போட்டால் 100. மூன்று போடலாம் என்று துப்பாக்கிப் பெட்டியில் எழுதியிருக்கும், போடாதீர்கள். உதையும் செலவும் கூடும், குறி பெரும்பாலும் கெடும். தூளாகப் போடுபவர்கள் அதை அளவுக் குழாயால் கொள்ளளவில்தான் அளக்க வேண்டும். தராசில் 100 கிரெயின் நிறுத்துப் போட்டால் கணக்கு மாறிப்போகும். பிளாக்ஹார்னுக்கு மட்டும் தயாரிப்பாளர் எடை அளவும் கொடுத்திருக்கிறார், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நூலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: ரைஃபிள் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தை மஸில்லோடரில் ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது. அதற்கென்றே செய்த ஓரிரு துப்பாக்கிகள் உண்டு, உங்களுடையது அது இல்லை. குழல் வெடித்து இடக்கை போனவர்களின் கதைகளில் இதுவே முதல் காரணமாக வரும். இரண்டாவது காரணம், குண்டு மருந்தைத் தொடும்வரை இறங்காமல் நடுவில் நிற்பது. வெற்றுக் குழலுக்குள் இடிகோலை விட்டு, வாயருகே கோலில் ஒரு கோடு போடுங்கள். சரியாக நிரப்பிய பிறகு இன்னொரு கோடு. இந்த இரண்டு கோடும் இருந்தால் துப்பாக்கி காலியா, நிரம்பியதா, குண்டு பாதியில் நிற்கிறதா, இரண்டு முறை நிரப்பிவிட்டோமா என்ற எல்லாக் கேள்விக்கும் கோலே பதில் சொல்லும். கோலின் நுனியை உள்ளங்கையால் அழுத்தாமல் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளுங்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? துப்பாக்கியைக் குறி வைத்த திசையிலேயே ஒரு முழு நிமிடம் பிடித்திருங்கள். தாமதித்து வெடிப்பது உண்டு.

நிரப்புவதற்கு முன் வெறும் பிரைமரை ஒருமுறை வெடித்துக் குழலில் தங்கிய எண்ணெயை எரித்துவிடுங்கள். எண்ணெய் பட்ட மருந்து காலை ஏழு மணிக்கு, வருடத்தின் மிகப் பெரிய மான் முன்னால் நிற்கும்போது, ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோனால் சூடான கூடத்துக்குள் வைக்காதீர்கள், குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும். பிரைமரை எடுத்துவிட்டுப் பூட்டிய கொட்டகையிலேயே வையுங்கள். பிரைமர் இல்லாத மஸில்லோடரை நிரப்பாத துப்பாக்கியாகவே பல மாநிலங்கள் கருதுகின்றன. உங்கள் மாநில விதியை அந்த ஆண்டுக் கையேட்டில் பார்த்துவிட்டுக் காரில் ஏற்றுங்கள். மழையிலும் பனியிலும் குழல் வாயில் ஒரு துண்டு மின்கம்பி நாடா ஒட்டினால் போதும். சுடும்போது முன்னே பாயும் காற்றே அதைக் கிழித்துவிடும்.

சுட்ட அன்று இரவே துடைக்க வேண்டும். பைரோடெக்ஸ் எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலை அரிக்கும். ஒரு வாரம் விட்டால் துருக்குழி. வெந்நீரும் சோப்பும் பைரோடெக்ஸுக்குப் போதும், ட்ரிப்பிள் செவனுக்கு வெறும் தண்ணீரே போதும். பிளாக்ஹார்னுக்குத் தண்ணீர் உதவாது, சாதாரணத் துப்பாக்கிக் கரைப்பான் வேண்டும். பின்னடைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, மரையில் ஒட்டாமலிருக்கப் பசை தடவித் திரும்ப மாட்டுங்கள். ஷாட்கனை வேட்டைப் பருவம் முழுவதும் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு மறந்துபோகலாம். சமையலறையில் பாத்திரத்தைக் காலைவரை ஊறப்போடுகிற ஆளா நீங்கள்? ஷாட்கனே வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

காகிதமும் விசாவும்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். ஆகவே நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியை முதலில் தொடுவது அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அதற்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. மஸில்லோடர் பெரும்பாலும் கூட்டாட்சிச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கியே இல்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பழம்பொருள் வகையில் சேர்த்திருக்கிறது. அதனால் பல மாநிலங்களில் பின்னணிச் சோதனை இல்லாமலேயே கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் குழலை மாற்றினால் சாதாரணத் தோட்டா சுடக்கூடிய மாதிரிகள் இந்தச் சலுகைக்குள் வராது. நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் மஸில்லோடரையும் துப்பாக்கியாகவே நடத்துகின்றன. விசாவில் இருப்பவர்கள் கடைக்காரர் பேச்சை நம்பாமல் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். ஒரு மானுக்காக விசாவைப் பணயம் வைக்க வேண்டாம்.

எதை வாங்குவது

கையில் துப்பாக்கி எதுவும் இல்லை, பரணில் உட்காரப் போகிறீர்கள், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் .50 காலிபர் இன்லைனை வாங்குங்கள். காரணம் நாட்கணக்கு. ஒஹாயோவில் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கள் தொடங்கும் துப்பாக்கி வாரத்திலும் மஸில்லோடர் செல்லும், ஜனவரியில் அதற்கென்றே வரும் நாட்களிலும் செல்லும். இல்லினாயில் டிசம்பரில் மஸில்லோடருக்கென்று மூன்று நாள் உண்டு. அந்த நாட்களில் ஸ்லக் துப்பாக்கி அலமாரியில்தான் இருக்க வேண்டும். கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போகும் ஆசை இருந்தால் மட்டும் கவனம். அங்கே மஸில்லோடர் பருவத்தில் ஸ்கோப், சாபோ, வில்லை மருந்து மூன்றுக்கும் தடை. பென்சில்வேனியாவின் கிறிஸ்துமஸ் பிந்திய பருவத்துக்கோ சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிதான் வேண்டும், இன்லைன் செல்லாது.

வீட்டில் ஏற்கனவே பம்ப் ஷாட்கன் இருந்தால் இந்த ஆண்டு புதிதாக எதுவும் வாங்காதீர்கள். ஃபாஸ்டர் குண்டு இரண்டு பெட்டி, 50 கஜத்தில் ஒரு பிற்பகல் பயிற்சி, மான் தடம் அடர்ந்த புதரோரத்தில் ஒரு பரண். மத்திய மேற்கின் காட்டுத் துண்டுகளில் விழும் மான்களில் பெரும்பகுதி 60 கஜத்துக்குள்தான் விழுகிறது. வரிக் குழல் அடுத்த ஆண்டுக்கு. கூட்டுக்கலைப்பு வேட்டைக்குக் கூப்பிடும் நண்பர்கள் இருந்தாலும் ஷாட்கன்தான்.

பழைய மஸில்லோடரை யாரிடமாவது வாங்குவதாக இருந்தால் முதல் வேலையாகக் கோலை உள்ளே விட்டுப் பாருங்கள், போன வருடத்து மருந்தும் குண்டும் இன்னும் உள்ளேயே இருக்கலாம். காலியென்று உறுதியான பிறகு பின்னடைப்பை விற்பவரையே உங்கள் கண்முன் கழற்றச் சொல்லுங்கள். கழன்றால் சிறு விளக்கை உள்ளே காட்டி, மருந்து எரியும் முதல் மூன்று நான்கு அங்குலத்தில் துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள். கழலவில்லை என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.